எழுந்த பிள்ளைக்குச் சாப்பாடு கொடுங்கள்

வேத பாடம்

வாசிக்க வேண்டிய பகுதி: மாற்கு 5:35–43
துணைப் பகுதிகள்: 1 இராஜாக்கள் 19:4–8, ரூத் 2:14–16, அப்போஸ்தலர் 6:1–6

இந்த மாதப் பாடத்தை மிகுந்த பாரத்தோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் எழுதுகிறேன். வெட்கம் ஏன் என்பதை வாசிக்கும்போது அறிந்துகொள்வீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஐப்பசி மாத அடைமழை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் கேட்டுக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் ஒரு பையன் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்திரிடா, ஆலயத்துல தூக்கமா?" என்று எழுப்பி, ஆராதனை முடியும்வரை நிற்க வைத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த அவன் தங்கச்சி, எட்டு வயது இருக்கும், என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, அவன் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல முட்டைச் சோறு சாப்பிட்டதுதான்யா. நேத்து ரெண்டு பேருக்கும் கடுங்காப்பி மட்டும்தான்."

எங்கள் சபை இருப்பது தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற ஜனங்களின் காலனி. மழை விடாமல் பெய்தால் குச்சி காயாது, வேலை இருக்காது. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் அடுப்பு இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல, நானே அந்தக் காலனியில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனாலும் பசியில் மயங்கின பிள்ளையைத் தூங்குகிற பிள்ளை என்று நினைத்தேன். அன்று இரவு ஜெபத்தில் முழங்கால் போட்டபோது, யவீருவின் வீட்டுச் சம்பவத்தைக் கர்த்தர் என் ஞாபகத்தில் கொண்டுவந்தார்.

1. ஒரே வசனத்தில் இரண்டு கட்டளைகள்

யவீருவின் மகள் மரித்துப்போனாள். வீடு முழுக்க அழுகையும் சந்தடியும். ஆண்டவர் உள்ளே போய்ச் சிறுபெண்ணின் கையைப் பிடித்து எழுப்பினார். அவள் எழுந்து நடந்தாள். அவளுக்கு வயது பன்னிரண்டு என்று மாற்கு குறித்து வைத்திருக்கிறார். நம் கணக்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளை!

இதுவரை நாம் பலமுறை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அங்கேயே அல்லேலூயா சொல்லி முடித்துவிடுகிறோம். 43-ம் வசனத்துக்கு வருவதில்லை. அந்த ஒரு வசனத்தில் ஆண்டவர் இரண்டு காரியங்களைக் கட்டளையிடுகிறார். ஒன்று, நடந்ததை ஒருவருக்கும் தெரியப்படுத்தக் கூடாது. இரண்டு, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும்.

கவனியுங்கள். மரணத்தை ஜெயித்தவருக்கு அந்தப் பிள்ளையின் பசி சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. அவர் உயிரை அற்புதமாகக் கொடுத்தார். சாப்பாட்டை மட்டும் வீட்டாரின் கையில் ஒப்படைத்தார். நாமோ "எழுப்புதல் தாரும்" என்று இரவெல்லாம் ஜெபிக்கிறோம். எழுந்த பிள்ளைக்குச் சோறு யார் போடுவது என்று யோசிக்கிறதில்லை. போட்டாலும் ஊருக்கெல்லாம் தெரியும்படி போடுகிறோம். அந்த இரண்டு கட்டளைகளையும் நான் மீறியிருக்கிறேன். ஒவ்வொன்றாய்ச் சொல்கிறேன்.

2. ஆகாரத்துக்கு விலை வைக்காதே

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது, தேவதூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். அப்போதும் தூதன் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாந்தரமும் சாப்பிடச் சொன்னான். ஓரேபிலே தேவனுடைய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் சபையில் எப்படி இருந்தது? பாட்டு, வசனம், பிரசங்கம், ஜெபம் எல்லாம் முடிந்து ஒன்றரை மணிக்குத்தான் பிள்ளைகளுக்குப் பொட்டலம். கடைசிவரை இருந்தவனுக்கு உண்டு, பாதியில் போனவனுக்கு இல்லை. அதை ஒழுங்கு என்று நினைத்தோம். உண்மையில் அது விலை. பசித்த பிள்ளை ஜெபத்துக்கு உட்காரவில்லை, பொட்டலத்துக்கு உட்கார்ந்தது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பரிமாறினபோது நீ விசுவாசியா என்று ஆண்டவர் யாரையும் கேட்கவில்லையே!

அடுத்த வாரமே மாற்றினோம். இப்போது காலையில் வந்தவுடன் பிள்ளைகளுக்கு இட்லியோ பொங்கலோ முதலில். காலனியில் எந்த வீட்டுப் பிள்ளையானாலும் வரலாம். எந்த சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்பதில்லை. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு. போகட்டும். சில மூப்பர்கள் என்னிடம், "பாஸ்டர், சாப்பிட்டுட்டு ஓடிருதுங்களே" என்று வருத்தப்பட்டார்கள். "அண்ணே, யவீரு மகளும் சாப்பிட்டுட்டு விளையாடத்தான் போயிருப்பா" என்றேன். சிரித்துவிட்டார்கள்.

3. எழுப்புதலும் அடுப்பும் ஒரே வளாகத்தில்

"பாஸ்டர், இதெல்லாம் சமூக சேவை, நமக்கு எழுப்புதல் ஊழியம்தான் முக்கியம்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறேன்.

1905-ம் வருஷம் இந்தியாவில் பெரிய எழுப்புதல் இறங்கின இடங்களில் ஒன்று, புனேக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற கிராமத்தில் உள்ள முக்தி மிஷன். அமெரிக்காவில் 1906-ல் அசூசா தெரு எழுப்புதல் தொடங்குவதற்கு முந்தின வருஷம் இது. அங்கே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் யார்? பஞ்சத்தில் சாகக்கிடந்து காப்பாற்றப்பட்ட பெண்பிள்ளைகள் அநேகர்!

அந்த இடத்தை நடத்தினவர் பண்டித ரமாபாய். 1858-ல் பிறந்தவர். சமஸ்கிருத சாஸ்திரங்களைத் தகப்பன் தாயிடமே கற்றவர். 1870-களில் வந்த பஞ்சத்தில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தார். பசி என்றால் என்ன என்று புஸ்தகத்தில் படித்தவர் அல்ல, அனுபவித்தவர். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். 1896–97-ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது அவரே அந்தப் பகுதிகளுக்குப் போய், அநாதையாய் நின்ற நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். 1900-ல் குஜராத் பஞ்சத்திலும் அப்படியே செய்தார்.

வந்த பிள்ளைகளுக்குச் சோறு மட்டும் போடவில்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். நெசவு, தையல், தோட்ட வேலை, அச்சு வேலை என்று கைத்தொழிலும் பழக்கினார். பார்வையற்றவர்களுக்கும் அங்கே கல்வி இருந்தது. ரமாபாய் 1922-ல் கர்த்தருக்குள் நித்திரையடைவதற்கு முன் முழு வேதாகமத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்து முடித்தார்.

ஆகவே தேவபிள்ளையே, அக்கினி இறங்கின அதே வளாகத்தில் அடுப்பும் எரிந்தது, கரும்பலகையும் இருந்தது. இன்னொன்றையும் சொல்லட்டும். நாம் நடத்துகிற ஞாயிறு பள்ளியே எப்படி வந்தது? 1780-ல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் அதை ஆரம்பித்தபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் எழுத்துக் கற்றுக்கொடுப்பதுதான் நோக்கமாய் இருந்தது. தீப்பெட்டி ஊரில் ஊழியம் செய்கிற எனக்கு இதை வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது.

4. பள்ளிக்கூடம் போடாத வேளைகள்

நம் மாநிலத்தில் 1956-ல் காமராஜர் காலத்தில் பள்ளி மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கியது. அலுமினியத் தட்டோடு வரிசையில் நின்று அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அது இல்லையென்றால் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டேன். 2022-ல் காலை உணவுத் திட்டமும் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. இதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்க வேண்டும்.

அப்படியானால் சபைக்கு என்ன வேலை? அந்தச் சிறுமி சொன்னதைத் திரும்ப வாசியுங்கள். வெள்ளிக்கிழமை முட்டை, அடுத்த முட்டை திங்கட்கிழமைதான். நடுவில் சனி, ஞாயிறு. பிறகு தீபாவளி லீவு, அரையாண்டு லீவு, மே மாதம் முழுவதும். பள்ளிக்கூடம் பூட்டினால் பசி லீவு எடுத்துக்கொள்ளுமா? அரசாங்கம் செய்வதையே நாமும் செய்து பேர் வாங்க வேண்டியதில்லை. அது நிற்கிற இடத்தில் நாம் ஆரம்பித்தால் போதும்.

படிப்பிலும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் பாடப்புத்தகமும் சீருடையும் கிடைக்கிறது. ஆனால் ஒற்றை அறை வீட்டில், ஒரு பல்பு வெளிச்சத்தில், டி.வி. சத்தத்தில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? நம் ஆலயமோ வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் பூட்டிக் கிடக்கிறது! இப்போது ஆறு மணிமுதல் எட்டுவரை திறந்து வைத்திருக்கிறோம். விளக்கு, பாய், ஒரு கை சுண்டல். பட்டம் படித்த நம் சபைத் தங்கச்சிமார் இருவர் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வருமானச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் இவற்றைப் பெற்றோருக்கு எழுதிக் கொடுத்து இ-சேவை மையத்துக்குக் கூடவே போகிற ஒரு தம்பியும் இருக்கிறான். அதுவும் ஊழியம்தான்.

5. ஒருவருக்கும் தெரியாதபடி

இனி நான் மீறின மற்றக் கட்டளை. சில வருஷங்களுக்கு முன் சபை ஆண்டுவிழாவில் மூன்று பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, "இந்த ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு நம் சபை உதவுகிறது" என்று மைக்கில் சொல்லி நோட்டும் பையும் கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். எல்லாரும் கை தட்டினார்கள். அதில் ஒருத்தி எட்டாம் வகுப்பு. நன்றாகப் பாடுகிற பிள்ளை.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா அந்தப் பையைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார்கள். "எங்களுக்கு வேணாம்யா. கூடப் படிக்கிற பிள்ளைக கேலி பண்ணுதுன்னு அழுவுது. நான் கட்டை அடுக்கியாவது வாங்கிக் குடுத்துக்கிறேன்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா மன்னித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை திரும்ப ஆலயத்துக்கு வரவே இல்லை. தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போய்விடுவாள்.

போவாஸைப் பாருங்கள். ரூத் பொறுக்குவதற்காகக் கதிர்களை வேண்டுமென்றே சிந்திவிடும்படி வேலைக்காரருக்குச் சொன்னான். அவளை அதட்டவோ வெட்கப்படுத்தவோ கூடாது என்றும் சொன்னான். ரூத் தன் கையால் பொறுக்கிக்கொண்டு தலைநிமிர்ந்து மாமியாரிடம் போனாள். கொடுப்பதில் அந்த நாகரிகம் வேண்டும். இப்போது எங்கள் சபையில் பிள்ளைகளைப் போட்டோ எடுப்பதில்லை. நோட்டு வேண்டுமானால் பெற்றோர் கையில், அவர்கள் வீட்டில், சத்தமில்லாமல்.

6. பந்தி விசாரிப்புக்கும் அபிஷேகம் வேண்டும்

அப்போஸ்தலர் 6-ல் அனுதின விசாரணையில் சில விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அதற்காக ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். தகுதி என்ன? நற்சாட்சியும், பரிசுத்த ஆவியும், ஞானமும். சாப்பாடு பரிமாறவும் ஆவியின் நிறைவு வேண்டியிருந்தது! அனுதினம் என்பதையும் கவனியுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி போட்டுவிட்டு ஜனவரியில் மறந்துபோவது விசாரிப்பு ஆகாது. ஆகவே உங்கள் சபையில் தொடங்குகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்:

அ. அளவு தெரிந்து தொடங்குங்கள். பள்ளி மதிய உணவுக்கான தேசிய அளவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. அப்படியானால் முப்பது பிள்ளைகளுக்கு 3 கிலோ அரிசி, 600 கிராம் பருப்பு, ஒன்றரைக் கிலோ காய். முப்பது வீடுகள் உள்ள சபைக்கு இது பாரமா?

ஆ. வாரம் ஒரு வேளையானாலும் நிறுத்தாமல் செய்யுங்கள். பிள்ளை நம்பி வந்து, கதவு பூட்டியிருந்து திரும்பக் கூடாது.

இ. சமைத்ததைப் பெரியவர் ஒருவர் முதலில் ருசி பார்த்த பிறகே பரிமாறுங்கள்.

ஈ. பெரியவர்கள் இருவர் இல்லாமல் பிள்ளைகளோடு யாரும் தனித்திருக்க வேண்டாம், போதகரானாலும் சரி.

உ. கணக்கைத் தனி நோட்டில் எழுதி, மாதாமாதம் சபையில் வாசியுங்கள். கொடுத்தவர் பேரும் வாங்கினவர் பேரும் வாசிக்க வேண்டாம், தொகை போதும்.

சிந்திக்க

1. உங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மதியம் முதல் திங்கட்கிழமை வரை சரியாகச் சாப்பிடாத பிள்ளை யார்? பேர் தெரியுமா?
2. நீங்கள் செய்த உதவியால் யாராவது தலைகுனிந்தது உண்டா?
3. உங்கள் ஆலயத்தின் கதவு வாரத்தில் எத்தனை சாயங்காலம் பூட்டியிருக்கிறது?

பிரியமானவர்களே, நான் நிற்க வைத்த அந்தப் பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் பரிமாறுகிறான். யாராவது தூங்கி விழுந்தால் அவன் அதட்டுவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். அந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஜெபிப்போம்: அன்புள்ள பரமபிதாவே, பசியைத் தூக்கம் என்று நினைத்த எங்கள் கண்களைத் திறந்தருளும். எழுப்புதலைக் கேட்கிற எங்கள் கைகளில் ஒரு கரண்டியையும் தாரும். எங்களால் வெட்கப்பட்டுப் போன பிள்ளைகளை நீரே தேற்றியருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்