கரடுமுரடான பாதைக்கு எந்த வண்டி?

காடுமேடுகளில் செல்ல வண்டி வாங்க விரும்பும் நண்பர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறனைத்தான். நான் பார்க்கச் சொல்வதோ வேறு.

1941இல் போர்க்களத்துக்கென உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பின் திறன் சுமார் 60 குதிரைத்திறனே. ஆயினும் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளித்த துணைப் பற்சக்கரப் பெட்டியும், அதிலிருந்த ‘லோ’ கியரும் அதனைச் சேற்றிலும் மேட்டிலும் ஏற்றின. பற்சக்கரங்களால் வேகம் குறையக் குறையத் திருப்புவிசை பெருகும் என்பது நாம் இயற்பியலில் கற்றதே.

இறக்கத்தில் இதன் அருமை இன்னும் பெரிது. லோ கியரில் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும் ஆபத்து குறைகிறது. எனவே ‘நான்கு சக்கர இயக்கம்’ என்ற பெயரை மட்டும் நம்பாமல், லோ கியர் உண்டா எனக் கேளுங்கள். அடுத்து, தரை இடைவெளியைப் பாருங்கள். 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னியில் லோ கியரும் உண்டு. தரை இடைவெளி 210 மில்லிமீட்டர்.

மலைச்சரிவில் உயிரைக் காப்பது வேகமன்று, நிதானமே என்பேன்.