கழுத்தில் குழாய், கையில் ஸ்கேன் கருவி

மூன்று வயது மகளுக்கு ஐ.சி.யு.வில் கழுத்தில் குழாய் போட ஸ்கேன் மெஷினைக் கொண்டுவந்தார்கள். கையில் ட்ரிப்ஸ் போதாதா? ஸ்கேன் கதிர்வீச்சு பாதிக்காதா?
– ஒரு வாசகி

இந்த ஸ்கேனில் பயன்படுவது ஒலி அலையே என்பதால் கதிர்வீச்சு பற்றிய கவலைக்கு இடமில்லை. சலைனுக்குக் கையில் ஏற்றும் ட்ரிப்ஸ் போதும். ஆனால் சரிந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகள், இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயான சிரை சிறியதாக இருந்து அதிலிருந்து கசிந்தால், சுற்றியுள்ள தோலையும் சதையையும் புண்ணாக்கிவிடக்கூடும் என்பதால், அவை தொடர்ந்து தேவைப்படும்போது, இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில் முனை அமையுமாறு கழுத்து வழியே மையச் சிரைக் குழாய் செருகப்படுகிறது.

குழந்தையின் கழுத்துச் சிரை சில மில்லிமீட்டர் அகலமே உடையது; அதை ஒட்டியே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி ஓடுகிறது; பாடநூலில் வரைந்த இடத்திலேயே இரண்டும் இருக்கும் என்று எந்தக் குழந்தையும் எழுதிக் கொடுப்பதில்லை. முன்பு கழுத்துத் தசையின் விளிம்பையும் தமனியின் துடிப்பையும் தொட்டுணர்ந்தே ஊசி செலுத்தப்பட்டது. இப்போதோ ஸ்கேன் திரையில் சிரையும் தமனியும் கறுப்பு வட்டங்களாகத் தெரிகின்றன. கருவியை லேசாக அழுத்தினால் சிரை தட்டையாகிவிட, தமனி துடித்தபடி வட்டமாகவே நிற்கிறது. ஊசி சிரையை அடைந்ததும், ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட முறைப்படி மெல்லிய கம்பி உள்ளே விடப்பட்டு, அது சிரையில்தான் கிடக்கிறது என்று திரையில் உறுதிசெய்த பிறகே அதன்மீது குழாய் நுழைக்கப்படுகிறது. குத்தல்களும், தவறித் தமனியைத் துளைப்பதும் இதனால் குறைகின்றன. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2002லேயே குழந்தைகளுக்கும் ஸ்கேன் பார்த்துக் குழாய் போடும் முறையைப் பரிந்துரைத்தது. பின்னர் எடுக்கப்படும் மார்பு எக்ஸ்ரே, குழாயின் முனை உரிய இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க உதவுகிறது.