நல்லெண்ணம் மட்டும் மருந்தாகாது

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

புதுப்பட்டினம் போன்ற கடலோர ஊரில் பணி தொடங்கும் உங்களிடம் இரண்டு வகை அவசரங்கள் வரும். முந்தாநாள் கால் மரத்துப்போய், இன்று எழுந்து நிற்க முடியாமல் தூக்கி வரப்படுபவருக்குக் கில்லன்-பாரே நோய் இருக்கலாம். தேர்வு முடிவு வந்த வாரத்தில் உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் ஒடுங்கிக் கிடக்கும் பிளஸ் டூ பிள்ளையையும் அழைத்து வருவார்கள். ஒன்று நரம்பு, மற்றொன்று மனம். இரண்டுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: சரியென்று தோன்றும் சிகிச்சை எல்லாம் பலன் தரும் சிகிச்சை ஆகிவிடாது.

கில்லன்-பாரேயில் உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்குகிறது. எதிர்ப்பாற்றலை அடக்குவது ஸ்டீராய்டு. ஆகவே அது கேட்கும் என்று நம்பியதில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் 1978இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஸ்டீராய்டு மாத்திரை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஊசி வழியாகக் கொடுத்தும் பலனில்லை என்று 1993இல் தெரிந்தது. 1985இல் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும், 1992இல் இம்யூனோகுளோபுலினும் சோதனையில் தேறின. இன்று நோயாளிகளைக் காப்பவை அவைதான்.

மாணவர் மனநலத்திலும் இதே கதைதான். ஐரோப்பாவின் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000க்கு மேற்பட்ட மாணவரிடம் மூன்று வழிகளை ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. ஆசிரியருக்குப் பயிற்சி தந்ததும், ஆபத்திலுள்ள பிள்ளைகளைக் கேள்வித்தாளால் கண்டறிந்து நிபுணரிடம் அனுப்பியதும் குறிப்பிடத்தக்க மாற்றம் தரவில்லை. மாணவர்களே நடித்தும் விவாதித்தும் பழகிய வகுப்புகள் மட்டும் தற்கொலை முயற்சிகளைப் பாதிக்கும் கீழே குறைத்தன. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் நடத்திய திட்டம் மனச்சோர்வைக் குறைத்தது. அதே திட்டத்தை ஆசிரியர் நடத்தியபோது பலனில்லை.

"எதிரே தவிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆய்வுக்குக் காத்திருப்பதா?" என்று கேட்பீர்கள். காத்திருக்க வேண்டாம். அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணையும் குடும்பத்திடம் கொடுங்கள். நான் எச்சரிப்பது ஊர் முழுமைக்கும் ஒரு திட்டத்தை அளக்காமல் விரிப்பதைப் பற்றி. "வெளியூர் ஆய்வு நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?" என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் இங்கேயே அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தேர்வில் தோற்ற மாணவர் ஓர் ஆண்டை இழக்காமல் உடனே மறுதேர்வு எழுதும் வழி தமிழ்நாட்டில் உண்டு. அது எத்தனை உயிர் காத்தது என்பதை முன்-பின் எண்ணிக்கையை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. அதே காலத்தில் வேறு பலவும் மாறியிருக்கும். ஒப்பிட ஒரு குழு இல்லாத இடத்தில் நம் நம்பிக்கைதான் சான்றாக வேடமிட்டு நிற்கும்.

ஆகவே உங்கள் வட்டாரப் பள்ளியில் எதைத் தொடங்கினாலும், தொடங்குமுன் பிள்ளைகளின் நிலையைப் பதிவு செய்யுங்கள். திட்டம் இன்னும் எட்டாத பக்கத்துப் பள்ளியையும் அதே அளவுகோலால் அளந்து வையுங்கள். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் துணையைக் கேளுங்கள். பலனில்லை என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஸ்டீராய்டு உதவவில்லை என்று எழுதியவர்களும் நோயாளிகளைக் காத்தவர்களே.