ஆஸ்திரேலியன் ஓப்பன்ல வேலையா? போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மெல்போர்னில் படிக்கிற தம்பி, தங்கச்சிங்க வருஷா வருஷம் கேட்கிற கேள்வி இது: "அக்கா, டென்னிஸ் டோர்னமென்ட்ல வேலை கிடைக்குமா?" கிடைக்கும். 2025-ல் மட்டும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனம் மெல்போர்ன் பார்க்குக்கு வந்தது. அத்தனை பேருக்கும் காபி போட, டிக்கெட் ஸ்கேன் பண்ண, மேஜை துடைக்க ஆள் வேண்டாமா? ஆனா ஜனவரியில் வந்து கேட்டா லேட். ஆள் எடுக்கிறது பல மாசம் முன்னாடியே நடக்கும். கேட்டரிங் கம்பெனிகளின் வேலை அறிவிப்புகளை முந்தின வருஷமே பார்த்து வைங்க.

முதல்ல விசா. ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறவங்க, வகுப்பு நடக்கிற நாட்களில் ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். லீவில் இந்த வரம்பு கிடையாது. ஜனவரி பெரும்பாலான யுனிவர்சிட்டிகளில் கோடை லீவு என்பதால் நமக்கு யோகம்தான். ஆனா ரெண்டு வகை ஆளுங்க உஷாராக இருக்கணும். கோடையில் கூடுதல் பாடம் எடுத்துப் படிக்கிறவங்க, அது 'வகுப்பு நடக்கும் காலம்' கணக்கில் வருமா என்று யுனிவர்சிட்டியிடம் மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்க. ஜனவரியில் புதுசா வந்து இறங்கி, வகுப்பு இன்னும் ஆரம்பிக்காதவங்களுக்கு இந்த வருஷம் வேலையே கிடையாது. கோர்ஸ் தொடங்கின பிறகுதான் விசா வேலைக்கு அனுமதி தருது. "ரெண்டு வாரம்தானே, யார் பார்க்கப் போறா"ன்னு சொல்ற சீனியர் பேச்சை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுடுங்க.

அடுத்து, டாக்ஸ் ஃபைல் நம்பர் (டி.எஃப்.என்.). வரித்துறையில் இலவசமாகவே கிடைக்கும், வாங்கித் தர்றேன்னு காசு கேட்கிறவங்களை நம்பாதீங்க. "டி.எஃப்.என். வேண்டாம், ஏ.பி.என். எடுத்துட்டு வா"ன்னு ஒரு முதலாளி சொன்னா அங்கேயே நில்லுங்க. ஏ.பி.என். என்பது சொந்தத் தொழில் செய்றவங்களுக்கானது. அவங்க சொல்ற நேரத்துக்கு வந்து, அவங்க குடுத்த டி-ஷர்ட்டைப் போட்டு, அவங்க கவுன்ட்டரில் நிற்கிற நீங்க தொழிலதிபர் ஆகிட மாட்டீங்க. லீவு, சூப்பர் (ஓய்வுக்கால சேமிப்பு) பணம் எல்லாத்தையும் மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. மது பரிமாறுகிற கவுன்ட்டர் என்றால் ஆர்.எஸ்.ஏ. சான்றிதழ் வேணும், செக்யூரிட்டி வேலைக்குத் தனி லைசென்ஸ் வேணும்.

ஆட்டம் பார்க்கலாம்னு நினைச்சு வேலைக்கு வராதீங்க. ராட் லேவர் அரீனாவில் உள்ளே போகிற வாசலில் கயிறைப் பிடிச்சு நிற்கிற வேலை கிடைச்சாலும், முகம் ஜனத்தைப் பார்த்து, முதுகுதான் கோர்ட்டைப் பார்த்து. பந்து சத்தம் கேட்கும், கைதட்டல் கேட்கும், ஸ்கோர் பக்கத்தில் இருக்கிறவர் சொன்னாத்தான் தெரியும். முன்னெல்லாம் வீரர்கள் பக்கம் மாறும்போதுதான் ரசிகர்களை உள்ளே விடுவாங்க. 2024 முதல் ஒவ்வொரு கேம் முடிஞ்சதும் விடுறாங்க. அப்படியும் கையில் ரெண்டு பீர் கப்போட நிற்கிறவருக்கு அந்த மூணு நிமிஷம் மூணு மணி நேரமாத்தான் தெரியும். சிரிச்ச முகத்தோட "கேம் முடியட்டும் சார்"னு சொல்லப் பழகுங்க. அவர் குரலை உயர்த்தினா சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க, நீங்களே வாதாட வேண்டாம்.

வெயில்! 2014 ஜனவரியில் தொடர்ந்து நாலு நாள் 41 டிகிரியைத் தாண்டின ஊர் இது. நம்ம வேலூர் வெயிலைப் பார்த்தாச்சேன்னு அலட்சியம் வேண்டாம், இங்கே சுடுகிறது வேற மாதிரி. கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் எதுக்குன்னு கேட்காம, கழுத்துப் பின்பக்கம், காது மடல் வரைக்கும் பூசுங்க. சாயங்காலம் காற்று திரும்பினா ஒரு மணி நேரத்தில் குளிரெடுக்கும், அதனால் பையில் மெல்லிசா ஒரு ஸ்வெட்டர். தயிர் சாதம் அந்தச் சூட்டில் புளிச்சுப் போகும், எலுமிச்சைச் சாதம் தாங்கும். ஷூ புதுசா இருக்கக் கூடாது, ஒரு மாசம் போட்டுப் பழகினதா இருக்கட்டும். பொங்கல் இந்தச் சமயத்தில்தான் வரும், அன்னிக்கு ஷிஃப்ட் விழுந்தா அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க.

ராத்திரி ஷிஃப்டில் கவனம். 2023-ல் ஆன்டி முர்ரே - கொக்கினாகிஸ் ஆட்டம் விடியற்காலை 4.05-க்குத்தான் முடிஞ்சது, அது வியாழக்கிழமை இரவு ஆரம்பிச்ச ஆட்டம். ராத்திரி முழுக்க ரயில் ஓடறது வெள்ளி, சனி இரவுகளில்தான். டோர்னமென்ட் சமயம் கூடுதல் டிராம் விட்டாலும், அது உங்க வீட்டு வாசல் வரைக்கும் வராது. ஒரே ஏரியாவில் இருக்கிற ரெண்டு, மூணு பேர் சேர்ந்து டாக்ஸியைப் பங்கு போட்டுக்கோங்க.

பலருக்குத் தெரியாத ஒண்ணு: பாஸ் மாட்டின பிறகு டென்னிஸில் பந்தயம் கட்டக் கூடாது, ஒரு டாலர்கூட. யார் அடிபட்டிருக்காங்க, யார் பயிற்சிக்கு வரலைங்கிற உள் தகவலை ஃப்ரெண்டுக்கு வாட்ஸ்அப் பண்ணவும் கூடாது. 2014-ல் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து பந்தயக்காரங்களுக்கு ஸ்கோர் அனுப்பினார்னு ஒரு பிரிட்டிஷ் இளைஞரைப் போலீஸ் கைதே பண்ணுச்சு. வழக்கு பிறகு கைவிடப்பட்டது, ஆனா விசாவில் இருக்கிறவங்களுக்கு அந்த அலைச்சல் தேவையா?

கடைசியா சம்பளம். கேஷுவல் வேலைக்கு அடிப்படை மணிக்கூலியோட 25 சதவீதம் கூடுதல் உண்டு, ஜனவரி 26 அரசு விடுமுறை என்பதால் அன்னிக்கு ரேட் இன்னும் ஏறும். சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் தரணும். 2025 ஜூலையிலிருந்து சூப்பர் 12 சதவீதம். படிப்பு முடிஞ்சு நாட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்பின பிறகு, வரி போக மீதியை எடுத்துக்கலாம். வேலைக்கு வந்த நேரம், போன நேரம், பிரேக் மூணையும் தினமும் உங்க போனில் குறிச்சு வைங்க.

கணக்கு உதைச்சா கேட்கக் கூச்சப்படாதீங்க. "விசாவை ரத்து பண்ணிடுவேன்"னு மிரட்ட எந்த முதலாளிக்கும் அதிகாரமில்லை, 2024 ஜூலையிலிருந்து அப்படி மிரட்டி வேலை வாங்குறது குற்றம். இந்தப் புகார்களைக் கேட்கிற அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் எண் 13 13 94. இங்கிலீஷில் பேசத் தயக்கமா இருந்தா 131 450-ஐக் கூப்பிட்டு, "தமிழ்"னு சொல்லி ஃபேர் வொர்க்குக்கு இணைப்புக் கேளுங்க, மொழிபெயர்ப்பாளரோட பேசலாம்.