சுகர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் பொண்ணுகளுக்கு

கிராம சுகாதார செவிலியராகப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் காலம் தள்ளியவள் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு மாத்திரை வாசலுக்கே போகிறது. டாஸ்மாக் சரக்கும் அதே வீட்டுக்குத்தான் போகிறது.

1. "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "சேச்சே" என்றுதான் பதில் வரும். கூலி வாங்கின சனிக்கிழமை எவ்வளவு, சாப்பிட்டா, வெறும் வயிற்றிலா என்று கேளுங்கள். மாமியார் காதில் விழும்படி வேண்டாம்.

2. எனக்குப் பெரிய கவலை இதுதான். சரக்கும் மாத்திரையும் சேரக்கூடாது என்று மாத்திரையை விட்டுவிட்டுக் குவார்ட்டரை வைத்துக்கொள்வார்கள். வாரத்தில் நாலு நாள் குடித்தால் நாலு நாளும் சுகர் மாத்திரை இல்லை, பிரஷர் மாத்திரையும் இல்லை. குடியோ பிரஷரையும் ரத்தக் கொழுப்பையும் ஏற்றுகிறது. சுகரால் ஏற்கெனவே கெட்டுப்போன ரத்தக்குழாய் எவ்வளவுதான் தாங்கும்? அட்டையை வாங்கி மிச்ச மாத்திரையை எண்ணுங்கள். திட்டாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி, எந்த மாத்திரை எப்படி என்று கேட்டு வாருங்கள்.

3. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் சரக்கைக் கரைப்பதிலேயே நிற்கும். ரத்தத்துக்குச் சர்க்கரை விடாது. நள்ளிரவிலோ விடியலிலோ லோ சுகர் ஆகும். வேர்வை, உளறல், தள்ளாட்டம். வீட்டில் "போதை" என்று போர்த்திவிட்டுப் போவார்கள். நினைவிருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

4. "அளவா குடிச்சா நெஞ்சுக்கு நல்லது" என்பார் படித்தவர். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு அந்த நன்மை தெரியவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 400 கலோரிக்கு மேல். சைடு டிஷ் தனி.

5. நாள்பட்ட சுகரில் நரம்பு மரத்திருக்கும். மாரடைப்பு வலிக்காமலே வரலாம். திடீர் மூச்சிரைப்பு, வேர்வை, குமட்டல் என்றால் வாய்வு என்று சோடா வாங்க விடாதீர்கள். இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் உண்டு. உடனே அனுப்புங்கள்.

6. தினமும் நிறையக் குடிப்பவரை "நாளையிலிருந்து நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். சட்டென்று விட்டால் கை நடுக்கம், வலிப்புகூட வரும். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.