பட்டியலில் ஒரு காலியிடம்

எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது நின்று, கண்டதை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: "பூநாரை நிறைய, படகு 4, தண்ணீர் உப்பு, கூழைக்கடா 12, நல்ல வெயில்." இது பட்டியல் ஆகுமா? பறவையும் படகும் வெயிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன! "நிறைய" என்றால் ஐம்பதா, ஐயாயிரமா?

பறவைகளைத் தனியே எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு பறவை, எதிரே எண்ணிக்கை. பெருங்கூட்டமானால் பத்துப் பத்தாக மதிப்பிட்டு, "சுமார் 300" எனக் குறியுங்கள். தலைப்பில் தேதி, நேரம், நின்ற இடம். உப்புக்கு வேறு பட்டியல், லிட்டருக்கு இத்தனை கிராம் என்று. கடல்நீரில் அது சுமார் 35. ஆரணியாறும் காளங்கியாறும் மழைநீரைக் கொணரும்போது ஏரியில் குறைந்துவிடும். "உப்பு" என்ற ஒரு சொல் இதைக் காட்டுமா?

பலரும் தவறுவது இனிமேல்தான். தேடியும் செங்கால் நாரை தென்படவில்லையா? 0 என்று எழுதுங்கள். தேடவே இல்லையென்றால் கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. மெண்டலீவ் தம் தனிமப் பட்டியலில் சில இடங்களைக் காலியாகவே விட்டிருந்தார். 1875-இல் கண்டறியப்பட்ட காலியம் அவற்றுள் ஒன்றில் வந்து அமர்ந்தது.

இதே ஏரியில் மீனவர்களின் பாடு முறையைக் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை உரிமை உள்ளவர்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். சீட்டுப் போடுவதும் உண்டு. அங்கே ஒரு பெயர் விடுபட்டால் ஒரு வீட்டின் அன்றைய வருமானம் போயிற்று. அந்த வரிசையில் "மற்றும் பலர்" என்று எழுத முடியுமா?