விமானப் படை அதிகாரியாக விருப்பமா?
(இளைஞர் பகுதி)

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பட்டப் படிப்பை முடிக்கும் தறுவாயில் பேசப்படுவது பெரும்பாலும் பாங்க், கம்ப்யூட்டர், மேல் படிப்பு ஆகிய மூன்றும்தான். இந்திய விமானப் படையில் அதிகாரியாகச் சேர ஆசைப்படும் சிலரும் கடைசி ஆண்டில்தான் விவரம் தேடத் தொடங்குகிறார்கள். இந்தத் தேர்வில் எழுத்துப் பரீட்சை முதல் வாசல். அதற்குப் பின்னால் இன்னும் பல உண்டு. அவற்றுள் ஒன்று ஆயுளில் ஒரே ஒரு முறைதான் திறக்கும். ஆகவே கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தயாராவது நல்லது.

யார் விண்ணப்பிக்கலாம்?

விமானி ஆவதற்குப் பட்டப் படிப்பில் 60 சதவிகித மதிப்பெண் வேண்டும். பிளஸ் டூவில் கணிதமும் பௌதிகமும் படித்து, ஒவ்வொன்றிலும் 50 சதவிகிதமாவது பெற்றிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் பி.காம். பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். வயது 20 முதல் 24 வரை. வணிக விமானி லைசென்ஸ் வைத்திருப்போருக்கு 26 வரை சலுகை உண்டு.

வழிகள் மூன்று. ஒன்று, விமானப் படையே ஆண்டுக்கு இரு முறை நடத்தும் ஏ.எஃப்.கேட் தேர்வு. ஆண்கள், பெண்கள் இருபாலரும் எழுதலாம். இரண்டு, யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. மூன்று, என்.சி.சி. விமானப் பிரிவில் 'சி' சர்டிபிகேட் பெற்றவர்களுக்கான தனி நுழைவு. இதற்கு எழுத்துப் பரீட்சையே கிடையாது. நேரே நேர்முகத் தேர்வுதான். ஆனால் 'சி' சர்டிபிகேட் மூன்றாம் ஆண்டில்தான் கைக்கு வரும். முதல் ஆண்டில் என்.சி.சி.யில் சேராதவருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

புத்தகம் வாங்குமுன் ஒரு கண் டாக்டரைப் பாருங்கள். வழக்கமாகக் கண்ணாடி அணிபவர் விமானியாக முடியாது. நிறங்களைப் பிரித்தறியும் திறனும் பரிசோதிக்கப்படும். விமானிக்கு உயரம் குறைந்தது 162.5 செ.மீ. கால் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள்ளும், தொடை நீளம் 64 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. கால் குட்டையானால் பெடல் எட்டாது. தொடை நீண்டிருந்தால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் முன்பலகையில் மோதும். இந்த அளவுகளை வீட்டில் ஒரு டேப்பை வைத்தே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். பச்சை குத்திக்கொள்வதிலும் கட்டுப்பாடு உண்டு. ஆசைப்படுமுன் விதியைப் படியுங்கள்.

எழுத்துத் தேர்வு

ஏ.எஃப்.கேட் தேர்வில் இரண்டு மணி நேரம், 100 கேள்விகள், 300 மதிப்பெண். ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு, புத்திக்கூர்மை ஆகியவற்றில் கேட்பார்கள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும் என்பதால் குருட்டாம்போக்கில் விடையளிக்காதீர்கள். தினமும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைத் தலையங்கம் வரை படிப்பது ஆங்கிலம், பொது அறிவு இரண்டுக்கும் உதவும்; பின்னால் வரும் குழு விவாதத்துக்கும் அதுவே கை கொடுக்கும்.

ஐந்து நாள் தேர்வு

எழுத்துத் தேர்வில் வென்றவர்களை டேராடூன், மைசூர், காந்திநகர், வாரணாசி முதலிய இடங்களில் உள்ள தேர்வு வாரியங்களுக்கு அழைப்பார்கள். முதல் நாளே புத்திக்கூர்மைத் தேர்வும், மங்கலான ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதி விவாதிக்கும் தேர்வும் நடக்கும். பலர் அன்றைக்கே வீடு திரும்புவார்கள்.

தங்கியவர்களுக்கு மனோதத்துவத் தேர்வு. 12 படங்களுக்கு ஆளுக்கு 12 கதைகள். அவற்றில் ஒன்று வெறும் வெள்ளைத் தாள்! பிறகு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் மனதில் தோன்றும் வாக்கியம். அதன் பின் அரை மணியில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில். இந்த வேகத்தில் மனப்பாடம் செய்த பதில்கள் நிற்காது. எழுத்தில் ஒரு குணம், பேச்சில் ஒரு குணம், மைதானத்தில் ஒரு குணம் என்றிருந்தால் மூன்று பேர் தனித்தனியே கணித்துக் கடைசி நாளில் கூடிப் பேசும்போது அது வெளிப்பட்டுவிடும்.

மைதானத்தில் ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு கொடுத்து, தரையில் கால் படாமல் குழுவாகத் தடைகளைக் கடக்கச் சொல்வார்கள். உரக்கக் கத்துபவரையும், ஒதுங்கி நிற்பவரையும் விட, பிறர் சொல்லும் நல்ல யோசனையை ஏற்று வேலையை முடிப்பவருக்கே மதிப்பு. இதைக் கோச்சிங் வகுப்பில் பத்து நாளில் கற்க முடியாது. நம் பொங்கல் விழாவில் பந்தல், சாப்பாடு, மேடை என்று ஏதாவது ஒன்றைப் பொறுப்பேற்று நடத்திய பிள்ளைக்கு இது ஓரளவு பழகியிருக்கும். மூன்று ஆண்டுகள் ஏதாவது ஒரு விளையாட்டில் குழுவோடு ஆடுங்கள். தினம் ஓடுங்கள்.

ஒரே ஒரு முறை

விமானிப் பிரிவுக்கு மட்டும் சி.பி.எஸ்.எஸ். என்ற கம்ப்யூட்டர் தேர்வு உண்டு. விமானத்தின் கருவிகளைப் படித்து அதன் நிலையைச் சொல்வதும், கையும் காலும் கண்ணும் ஒருங்கே இயங்குகின்றனவா என்று பார்ப்பதும் அதன் நோக்கம். இதில் ஒரு முறை தவறினால் பிறகு எந்த வழியில் வந்தாலும் விமானிப் பிரிவில் சேர முடியாது. பிளஸ் டூ முடித்து என்.டி.ஏ. வழியே சென்று இதில் தவறிய மாணவனுக்கும் இதே விதிதான். ஆகவே பெற்றோர்கள், "சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பாதீர்கள். அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்க வேண்டும். விளக்கம் சொல்லும்போது ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும். புரியாததை அப்போதே கேட்டுவிட வேண்டும்.

நேர்முகத் தேர்வின் மற்றப் பகுதிகளுக்கு இந்தக் கண்டிப்பு இல்லை. வயது இருக்கும்வரை மீண்டும் முயலலாம். பரிந்துரை பெற்றவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதன் பின் தகுதிப் பட்டியல். அதில் இடம் பெற்றவர்களுக்கு ஹைதராபாத் அருகே துண்டிகல் அகாதெமியில் பயிற்சி.

பறக்க முடியாவிட்டால்?

சி.பி.எஸ்.எஸ். தவறியவருக்கும், கண்ணாடி அணிபவருக்கும் விமானப் படை முற்றிலும் மூடியதல்ல. விமானங்களைப் பராமரிக்கும் இன்ஜினியர், வானிலை, கணக்கு, கல்வி, லாஜிஸ்டிக்ஸ், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பணியும் அடங்கிய நிர்வாகப் பிரிவு என்று பல உண்டு. வயது வரம்பு 26. பார்வை விதிகளும் சற்றுத் தளர்வானவை. விண்ணப்பத்தில் விருப்ப வரிசை கேட்கும்போது, தகுதி இருந்தால் இவற்றையும் குறிப்பிடத் தவறாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகத் துண்டிகலில் கமிஷன் பெற்றார்கள். உங்கள் மகள் கேட்டால் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

விதிகள் அவ்வப்போது மாறும். ஒவ்வொரு முறையும் வெளியாகும் அறிவிப்பை முழுவதும் படித்த பின்னரே விண்ணப்பியுங்கள். முயல்வோர் அனைவருக்கும் நம் வாழ்த்துகள்.